ஒரு நிமிடம் நாற்பது வினாடி

நாடகக் கல்லூரியில் எட்டு விதமாக விழக் கற்றோம்.
சுடப்பட்டு விழுவது, மயங்கி விழுவது,
படிக்கட்டில் உருள்வது.
நாற்காலி இருப்பதாக நம்பி உட்கார்வது ஆறாவது.
ஐல்சா ரான்கின் அந்த ஆறாவதை மட்டும் தொட மாட்டாள்.
அவளுக்குச் சாவுகள்தான் பிடிக்கும்.
நாற்பது வினாடியில்
இடது கண்ணில் மட்டும் நீர் வரவழைப்பாள்.
மூன்று வருடத்தில் நான்கு ராணிகளாகச் செத்தாள்,
நான்கு முறையும் தூக்கிப் போன காவலன் நான்.
கனம். ஆனாலும் நன்றாகச் செத்தாள்.

கடைசி நாடகத்தில்
செத்துக் கிடந்தவளுக்குத் தும்மல் வந்தது.
முந்நூறு பேர்.
கூரைமேல் பெய்த கிளாஸ்கோ மழை காதில் விழவில்லை.
எங்கள் படிப்பு மொத்தமும் சிரிப்பாய்ச் சிரித்தது.
அவளோ திரைக்குப் பின்னால்
கிரீடத்தைக்கூடக் கழற்றாமல்
"கேட்டாயா?" என்றாள். "கேட்டாயா அதை?"

இப்போது பகலில்
பார்ட்டிக்கில் ஒரு பல் மருத்துவரின் தொலைபேசி.
பயப்படாதீர்கள், வாயைத் திறந்தால் போதும் என்பாள்.
இரவில் மதுக்கடை மாடிகளில்
அதே வேலை, சம்பளம் இல்லாமல்.
டண்டீக்குப் போகவர நான்கு மணி நேரம்,
மேடையில் ஐந்து நிமிடம்.
கூட்டம் ஒன்பது பேர். அதில் ஆறு பேர்
தங்கள் முறைக்குக் காத்திருக்கும் நகைச்சுவைக்காரர்கள்.
அவர்கள் சிரிப்பதில்லை. தலையை ஆட்டுவார்கள்,
எதிர்க்கடைத் தராசைக் கவனிக்கிற வியாபாரி மாதிரி.

ஆகஸ்டில் எடின்பரோ விழாவுக்கு அறை பிடிக்க
அத்தையின் மோதிரம் அடகுக்குப் போனது.
நகை கொடுத்து நகை வாங்கப் போனவளுக்கு
இருபத்திரண்டு நாளும் கிடைத்தது
மழைக்கு ஒதுங்கியவர்களின் ஈரக் கோட்டு வாடை.

நான் நடிப்பை விட்டுவிட்டேன்.
செவ்வாய்க்கிழமைகளில், பின்சுவரில்,
சிவப்பு விளக்கைப் போடுகிறவன்.
ஐந்தாம் நிமிடம் முடிகையில் ஒரு மினுக்கு: போதும், இறங்கு.
எல்லோருக்கும் அந்த விளக்கைக் கண்டால் பயம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
முதல் கதை எடுபடவில்லை.
இரண்டாவது அவள் மாமாவின் பல்செட், ஒரு படகு, ஒரு கடற்பறவை.
பறவையை முதலிலேயே சொல்லிவிட்டாள்.
மூன்றாவதைத் தொடங்கி, நிறுத்தி, வேறொன்றைத் தொடங்கி...
சிரிப்பையும் அடுப்பையும் மூட்டுவது என்றே சொல்கிறோம்.
விறகு ஈரம். ஊதி ஊதி
அவள் கண்தான் சிவந்தது.

நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள்.
போடு, என்றது பார்வை.
நான்கு முறை தூக்கிப் போனவன்தானே, போடேன்.

கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
விரல் பொத்தான் மேல்.
போடவில்லை.
ஏன் என்று இன்றும் தெரியவில்லை.
விதி அப்படி, நேரம் நேரம்தான், என்றேன் பிறகு.
பொறாமையாகவும் இருக்கலாம்.

மைக்கைக் கம்பில் மாட்டினாள்.
முன்வரிசையில் யாரோ சிப்ஸ் பொட்டலத்தைப்
பிரிக்கவா வேண்டாமா என்று கையில் வைத்திருந்தார்.
அவள் அங்கே இல்லாத ஒரு நாற்காலியைத் துடைத்து,
பாவாடையை ஒதுக்கி,
மிகுந்த மரியாதையோடு உட்கார்ந்தாள்.

ஆறாவது.

பலகை அதிர்ந்தது. எங்கோ கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன.
தரையிலிருந்தபடி சொன்னாள்:
"இதற்குத்தான் மூன்று வருடம் படித்தேன்."
இருட்டில் யாரோ மூக்கால் ஒரு சத்தம்.
அவ்வளவுதான். பிறகு நான் விளக்கைப் போட்டேன்.

கடைசிப் பேருந்து. அவள் போனில் பதிவு,
ஆளுக்கொரு காதில் ஒயர்.
நான்கு நிமிடம் பன்னிரண்டாம் வினாடியில் நிறுத்தினாள்.
"சிரிப்பு," என்றாள்.
"தும்மல்," என்றேன்.
பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டோம்.
கெல்வின் பாலம் போனது, எங்கள் நிறுத்தம் போனது.
பதினோராவது தடவை அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"தும்மலாகவே இருக்கட்டும்," என்றாள்,
"நானும் அதில்தானே தொடங்கினேன்."
பிறகு பேருந்தை நிறுத்தச் சொல்லி மணியை அடித்தாள்,
அடுத்த செவ்வாய்க்குத் தன் பெயரை
எத்தனையாவதாகப் போடுவேன் என்று கேட்டபடி.