நானூற்றுப் பதினேழு சதுர அடி

செம்பூர். பத்தொன்பதாம் மாடி.
ஆளில்லாத ஃபிளாட்டின் சமையல் மேடையில்
கிம்பலை நிறுத்திப் பூட்டுகளைத் திறக்கிறேன்.
சுவிட்சைத் தொடவில்லை இன்னும்.
சமனில்லாததற்கு உயிர் கொடுத்தால்
மோட்டார் சண்டை போட்டே சூடேறும்,
மதியத்துக்குள் பேட்டரி செத்துவிடும்.

லென்ஸ் மூடியைக் கழற்றி, கார்டைச் செருகி,
படமெடுக்கையில் என்னென்ன இருக்குமோ
அத்தனையும் ஏற்றிய பிறகுதான் எடை, எடை.
முன்னால் கவிழ்கிறது. தட்டை ஒரு நூல் பின்னுக்கு.
மல்லாந்து விழுகிறது. அரை நூல் முன்னுக்கு.
லென்ஸைக் கூரை பார்க்க வைத்துக் கையை எடுக்கிறேன்.
நிற்கிறது.
பக்கவாட்டில் சாய்த்தாலும் நிற்கிறது.
கைப்பிடியைச் சரித்தால் மட்டும் கடைசிக் கரம்
தாழிடாத கதவுபோல் மெல்லத் திறந்துகொள்கிறது.

"முத்தையா பாய், ஹோ கயா க்யா?"
புரோக்கர் ஜிக்னேஷுக்கு அவசரம்.
விளிம்புவரை ரசம் நிரம்பிய சட்டியை
ஏந்திப் போவதுபோல் போகவேண்டும் படம்,
வாசலிலிருந்து பால்கனிவரை.
அப்படிப் போனால் நானூற்றுப் பதினேழு சதுர அடி
அறுநூறாகத் தெரியுமாம்.

சுவிட்சை அழுத்தினேன். தலை நிமிர்ந்தது.
உடனே உள்ளே வண்டு புகுந்த ரீங்காரம்.
தானாகச் சரிசெய்துகொள் என்று விட்டு விலகினேன்.
தன்னைத்தானே உலுக்கிப் பார்த்து, நடுங்கி, அடங்கி,
முடிந்தது என்றது ஃபோனில்.
கையில் எடுத்தால் மறுபடி வண்டு.

பக்கத்து ஃபிளாட்டில் சுவரைத் துளைக்கிறார்கள்.
டிரில்லின் நடுக்கத்தையும்
தன்னுடையது என்று கணக்கில் சேர்த்துவிட்டது, பாவம்.

அவர்கள் பீடி பிடிக்கும் இடைவெளியில்
ஒவ்வோர் எண்ணாகக் கையாலேயே குறைத்தேன்.
நாற்பத்தாறில் அமைதி.
நாற்பத்தைந்தில் தலை தொங்குகிறது.

முழங்கால் மடக்கி, குதிகால் முதலில் ஊன்றி நடந்தேன்.
கையின் தப்பை எல்லாம் மூன்று அச்சும் தின்றுவிடும்.
காலின் ஏற்ற இறக்கத்தை
எந்த மோட்டாரும் ஏற்றுக்கொள்ளாது.

கூடம், படுக்கையறை, குளியலறை, பால்கனி.
"இடப்பக்கம் மட்டும்" என்று சொல்லியிருந்தார்.
என் மணிக்கட்டு ஏனோ வலப்பக்கம் திரும்பியது,
கொஞ்சம் தாமதித்து, கேமராவும்.
மாஹுல்.
சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு,
அதையொட்டி எங்கள் கட்டடங்கள், ஒரே மாதிரி.

திரையில் ஓட்டிக் காட்டினேன்.
தீநாக்குகூட அலுங்காமல் வந்து நடுவில் நின்றது.
"வாவ்" என்றார். பிறகு,
"இதை வெட்டிடு."

ஏழு நொடி. வெட்டினேன்.
வெட்டுவதற்கு முன் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன்,
நான்காம் மாடிக் கொடியில் எங்கள் பச்சைத் துண்டு தெரிகிறதா என்று.
அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.
தெரியும் எனக்கு.