கூட்டல் குறி

பதினொரு வருட வேலைக்கு
நான்கு பாடம் கழித்துக்கொண்டார்கள்.
கணக்குப் பாடத்தில் ஒன்றும் கழிக்க முடியாதென்று
மரியாதையாகவே எழுதியிருந்தது.
சரி என்றேன்.
லைசன்ஸ் அட்டையும் மாணவர் அட்டையும்
இப்போது ஒரே பர்ஸில், முதுகோடு முதுகு.
ஒன்றில் ஹெல்மெட் அழுத்திய தலைமுடி.
மற்றதில், சிரிக்கச் சொல்லி எடுத்த படம்.

தொடங்கியது ஒரு வரைபடத்தால்.
டார்னீட்டில் புதுப் பள்ளிக்கூடம்.
தூணுக்குள்ளால் கேபிள் போவதாகக் கோடு கீறியிருந்தது.
தூண் முழுக்கக் கொங்கிரீட்.
போன் எடுத்தேன்.
"வரைபடத்தில் உள்ளபடி செய், கோஸி"
என்றார் பொறியியலாளர்.
என் பெயர் கோசலை.
கோட்டுக்குப் பிறகு தூண் வந்ததா
தூணுக்குப் பிறகு கோடு வந்ததா
யார் கண்டது.
ஒன்பது மீட்டர் சுற்றிக் கொண்டுபோனேன்.
அந்த ஒன்பது மீட்டர் எந்தத் தாளிலும் இல்லை.

அன்றிரவே விண்ணப்பம் போட்டேன் என்றால்
கதைக்கு நன்றாயிருக்கும்.
இரண்டு வருடம் கழித்துத்தான் போட்டேன்.
இடையில் வான் மாற்றினேன்,
கடைவாய்ப் பல் ஒன்று கட்டினேன்,
தங்கச்சியின் கலியாணக் கடனை
அடைத்து முடித்தேன்.

வியாழன் இரவு, ஃபுட்ஸ்கிரே, ஆய்வுகூடம்.
மேசையில் வெறும் பன்னிரண்டு வோல்ட்.
மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற முனையில் வைத்தேன்,
பிறகு கை வைக்கப்போகும் இடத்தில்,
பிறகு மறுபடி கரண்ட் இருக்கிற முனையில்.
பக்கத்தில் ஈதன், பத்தொன்பது வயது.
"பன்னிரண்டுதானே?"
கைக்கு அது தெரியாது, என்றேன்.
அவன் வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான்.
என் குறட்டைக் கொடுத்தேன்.
பதிலுக்கு அவன்
மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைக் கொடுத்தான்.

கற்பனை எண்ணாம்.
மாடி மாடியாக நான் இழுத்து முடிந்ததெல்லாம்
கற்பனையா?
"இல்லை, பெயர்தான் அப்படி.
தொண்ணூறு பாகை திருப்புகிறது, அவ்வளவுதான்"
விரலைக் காற்றில் திருப்பிக் காட்டினான்.
கொண்டியூட் வளைக்கிற மாதிரியா?
யோசித்தான்.
அவன் கொண்டியூட் வளைத்ததில்லை.
"இருக்கலாம்."
வெரிபீ ரயிலில் நியூபோர்ட் தாண்டியும்
அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் மாதம், வெளியே முப்பத்தெட்டு பாகை,
கூரைக்குள் அறுபது.
ஏசிக்கு லைன் இழுக்கிறோம்.
கீழேயிருந்து அப்ரண்டிஸ் மின்
கேபிளைத் தள்ளும்வரை
தராய்களின்மேல் குப்புறப் படுத்திருக்கிறேன்.
முகத்துக்கு நேரே காற்றுக்குழாய்,
அதன்மேல் பத்து வருடத் தூசி.

விரலால் எழுதினேன்.
மூன்று ஓம் தடை, நான்கு ஓம் சுருள்,
இருநூற்று முப்பது வோல்ட்.
ஐந்தால் வகுத்தால் நாற்பத்தாறு ஆம்பியர்.
கோணம் ஐம்பத்து மூன்று,
அதற்கு முன்னால் ஒரு கூட்டல் குறி.
வியர்வை சொட்டி
தேவையில்லாத இடத்தில் ஒரு தசமப்புள்ளி.
"வருகுதா?" என்று கத்தினான் மின்.
வந்தது. இழுத்தேன், கட்டினேன், இறங்கினேன்.
வீட்டுக்காரர் ஐஸ் தண்ணீர் தந்தார்.

இரவு புத்தகத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது:
கழித்தல் போட்டிருக்க வேண்டும்.
சுருள் இருக்கிற இடத்தில்
மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பிந்தித்தான் வரும்.
பிந்தி வந்தாலும் வரும்.
நான் அதை முந்தி ஓடவிட்டிருக்கிறேன்.

கதவைத் தட்டி,
உங்கள் கூரைக்குள் ஒரு குறியை மாற்ற வேண்டும்
என்று கேட்க முடியுமா?

அங்கேயே இருக்கட்டும்,
இன்னொருத்தர் டோர்ச்சோடு ஏறும்வரை.
அதற்குக் கீழே ஏசி ஓடுகிறது.
யாரோ குளிருது என்று
எழும்பிப்போய் நிறுத்துகிறார்கள்.