முப்பத்தோரு அடி

வாசற்படியில் தொடங்கி கேட்டில் முடிகிறது,
முப்பத்தோரு அடி.
இரண்டு பக்கமும் சேர்த்தால் அறுபத்திரண்டு என்று
மளிகை ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கையில் ஆயிரத்து இருநூறு.

கூடலூருக்கு மாற்றல் வந்த பிறகு
தலைகுந்தாவில் நான் சனி, ஞாயிறு மட்டும்.
மற்ற ஐந்து நாளும்
தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் செடி வேண்டும்.
நர்சரியில் அப்படித்தான் கேட்டேன்,
கல்யாணத் தரகரிடம் பேசுவது போல,
பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை என்று.

பெள்ளன் ஹைட்ரேஞ்சாவைக் காட்டினார்.
ஊதாப் பந்துகள். அழகுதான்.
மழை பிடித்தால் பாதையிலேயே தலை சாய்ந்து
வருகிறவர் சேலையை நனைக்கும்.
ஜெரேனியத்தில் நான் கை வைக்க
"ஜனவரி தாங்காது" என்று அவரே தள்ளி வைத்தார்.
பிறகு ஒரு சின்னத் தொட்டியைக் கவிழ்த்து
உள்ளே இருந்ததை சிமெண்ட் தரையில் போட்டு
ரப்பர் பூட்ஸால் மிதித்தார்.
மண் உதிர்ந்தது. அரிசியளவு இலைகள் நசுங்கின.
"நாளைக்கு வந்து பாருங்க."

நாளைக்கு எனக்கு முதல் பஸ்.
பார்க்காமலே முப்பது வாங்கினேன்.
தைம் என்று பெயராம்.
ரோஸ்மேரி பத்து.
கண்ணுக்கு நிறம் வேண்டாமா என்று
சிவப்பும் மஞ்சளுமாய்க் கோலியஸ் பன்னிரண்டு.
பெள்ளன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை,
காசை எண்ணினார்.

அன்றிரவே டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நட்டேன்.
மண்ணில் பாதி கல்.

ஐப்பசியில் மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர்
இரண்டு ரோஸ்மேரியை வேரோடு கொண்டுபோய்
மிச்சியக்காவின் கேரட் பாத்தியில் வைத்தது.
அங்கேயே பிடித்துக்கொண்டன. இப்போது அவை அவளுடையவை.
சிலிண்டர் கொண்டுவரும் சகாயம்
வளைவில் வளைய மாட்டான்.
ஒவ்வொரு தடவையும் அதே மூலை,
அதே நாலு தைம், இரும்பின் முழு எடை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்.
தை பிறந்தபோது இங்கே வழி முழுக்க வெள்ளை.
முதல் சனிக்கிழமை விடிகாலையில் வந்து இறங்கினேன்.
வேலியைப் படுக்கவைத்துவிட்டு
காட்டுமாடு ஒன்று உள்ளே வந்து போயிருந்தது.
கோலியஸ் பன்னிரண்டும்
வெந்த கீரையாய்க் கறுத்துத் தொங்கின.
ஓரத்து மண்ணில் ஆழமாய் ஒரு குளம்புத்தடம்,
அதில் தேங்கிய நீர் உறைந்து
கண்ணாடி வில்லையாய் இருந்தது.
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
அடியில் தைம்,
மண்ணோடு மண்ணாய் அழுந்தி, பச்சையாக.
மூக்குக்கு ஓமம் போல வந்தது,
ஓமமும் இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
எனக்கு என்னவோ கொஞ்சம் கோபம்.
நான் இல்லாத நாட்களைப் பற்றி
அதற்கு ஒரு புகாரும் இல்லை.
அதைத்தானே கேட்டு வாங்கினேன்.
இருந்தாலும் ஓர் இலையாவது வாடியிருக்கலாம்,
ஒரு வாளித் தண்ணீருக்காவது
என்னை எதிர்பார்த்திருக்கலாம்.
கோலியஸ்களைப் பிடுங்கிக் குப்பையில் போடும்போது
அவற்றின்மேல் பிரியமாக இருந்தது.

பத்து மணிக்கு மின்கணக்கு எடுப்பவர் வந்தார்.
செடிமேல் கால் படாமல்
கூடை சுமப்பவர் போலப் பார்த்துப் பார்த்து நடந்தார்.
மிதிங்க, பரவாயில்லை என்றேன்.
நம்பவில்லை.
மீட்டரைப் படித்துவிட்டு
"ரொம்பக் கம்மியா இருக்கே, வீட்ல ஆள் இல்லையா?"
அஞ்சு நாள் இல்லை என்றேன்.
அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டே திரும்பியவர்
சகாயத்தின் மூலையில் தவறி
ஒரு காலை நன்றாக ஊன்றிவிட்டார்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க" என்றவர்
கேட்டைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று
மற்ற பூட்ஸைக் கழற்றி
அடியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
வெகு நேரம்.