மூன்றாம் பலகை

தொண்டியிலிருந்து டாடா ஏஸில் வந்தது
ஒரு படகின் உள்பக்கம்.
பதினோரு தேக்குப் பலகைகள்
பழைய போர்வையில் சுற்றி, நைலான் கயிறு போட்டு.
படகு வரவில்லை.
தேவகோட்டைக்குப் படகு எதற்கு?

ரைஸ்மில்லுக்குப் பின்னால் என் ஷெட்.
நிலைக்கதவும் அலமாரியும் தேய்த்துப் பழகிய கை.
இந்த மரத்துக்கு வேறு வாசனை:
டீசல், நெத்திலி,
யாரோ படுத்தபடி குடித்த பீடி.

வெள்ளைக் கறை ஒன்றுமில்லை.
பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம்.
ஸ்பிரிட் தொட்ட துணியைத்
தோசைக்கல்லில் ஓட்டுகிற வேகத்தில் ஓட்டவேண்டும்.
நின்றால் பிடித்துக்கொள்ளும்.

கறுப்புதான் வழக்கு.
தண்ணீர் மட்டும் தேக்கை இப்படிக் கறுக்க வைக்காது,
கூட இரும்பு இருக்கவேண்டும்.
மூன்றாம் பலகையில்
ஒரு போல்ட் துளையில் கிளம்பி
இறங்கி, அகன்று,
இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டிருந்தது.
ஓரத்தில் உப்பு, கோடு கோடாக,
ஒவ்வொரு மழைக்கும் ஒன்று.

போன் போட்டேன்.
“அபுசாலி, மேல்தட்டுல அந்த போல்ட்ட அடைச்சாச்சா?”
“அது கெடக்கட்டும் இருளாயிக்கா.
வெள்ளிக்கிழமை பார்ட்டி வருது, படகப் பாக்க.
நீங்க மரத்த மட்டும் பாருங்க.”

மரத்தை மட்டும் பார்த்தேன்.

ஆக்ஸாலிக் பொடியை வெந்நீரில் கரைத்து
நுனியிலிருந்து நுனிவரை ஒரே பூச்சு.
கறை இருக்கிற இடத்தில் மட்டும் பூசினால்
கறை போன இடமே புதுக் கறை.
ராத்திரி ஊறவிட்டு, காலையில் மூன்று கழுவல்.
எங்கள் தெருக்குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்,
அன்றைக்கு வராத நாள்.
தண்ணீர் வந்துபோன தடத்தை அழிக்க
குடம் பதினைந்து ரூபாய்க்குத்
தண்ணீர் வாங்கினேன்.
பில்லில் அதைத் தனியாக எழுதினேன்.

கறுப்பு சாம்பலாகி,
சாம்பல் ஆறிப்போன டீயாகி,
மதியம் ஒரு மணிக்கு இல்லாமல் போனது.
சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
கை தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறது.
அதற்கு யார் விற்கிறார், யார் வாங்குகிறார் தெரியாது.

நிழலில் காயப்போட்டேன். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும்.
அரக்கு ஐந்து கை.
பிறகு அந்தப் பார்ட்டி ஞாபகம்.
பேர்கூடத் தெரியாது.
இந்தப் பலகை தலைமாட்டில் வர
அவர் படுப்பார்.
ஐப்பசியில் ஒரு ராத்திரி சொட்டும்.
முன்னாடியே சொல்ல அங்கே இருந்தது ஒரே ஒரு வாய்.
அதை நான் துடைத்துவிட்டேன்,
கூலி வாங்கிக்கொண்டு.

காதிலிருந்த பென்சிலை எடுத்தேன்.
பாலிஷ் தொடாத முதுகில்
ஒரு வரி எழுதிவிடலாம் என்று
பலகையைத் திருப்பினால்,
அங்கே ஏற்கெனவே பென்சில்.
சாய்ந்த எழுத்து, வேறு கை, எந்த ஊரோ:
‘மேல் போல்ட் ஒழுக்கு. கவனம். 12.8.09.’

கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
மில்லில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
எண்ணிக்கை தப்பி மறுபடி எண்ணினார்கள்.

சாயங்காலம் போர்வை சுற்றும்போது
மூன்றாம் பலகையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்,
முதுகு தெரிய.
மாட்ட வருகிற ஆசாரி முதலில் அதைத்தான் தொடவேண்டும்.
அந்தச் சாய்ந்த எழுத்துக்குக் கீழே
‘இன்னும் ஒழுகுது.’
தேதி.
என் போன் நம்பர்,
கடைசி எட்டை இரண்டு தரம் அழுத்தி.