அளவுக்கு ஒன்று

பார்சல் கொண்டுவந்த பையன்
பெட்டியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து
"ரவுட்டரா அக்கா, நம்ம தெருவுக்கு ஃபைபர் வந்துருச்சா?" என்றான்.
"இது மரம் குடையிறது, தம்பி."
பதினோரு கிலோவை இறக்கிவிட்டு
சிக்னல் போன முகத்தோடு வண்டியேறினான்.

இருபது மாதச் சீட்டைப் பதினாறில்
தள்ளிப் பிடித்து எடுத்த காசு.
வயிரவன் கேட்டது ஒன்றுதான்:
"இருக்குறதுக்கு என்ன கேடு?"

இருந்தது,
கோட்டையூரில், செம்பூராங்கல் சுவர்க் கார் ஷெட்டில்
(கார் என்றைக்கும் இருந்ததில்லை)
கழற்றிய பாத்ரூம் கதவு, நாலு இரும்புக் கால்,
நடுவில் ஓட்டை, ஓட்டைக்கு அடியில்
வௌவால் மாதிரித் தலைகீழாய் ரவுட்டர்.
பிட்டை ஒரு நூல் உயர்த்த
மல்லாந்து படுக்கவேண்டும்,
வாயில் டார்ச், கையில் ஸ்பேனர்.
எழுந்து பார்த்தால் இரண்டு நூல் ஏறியிருக்கும்.
மறுபடி படு.
வாரத்தில் ஆறு நாள்
கழனிவாசல் பரிசோதனைக்கூடத்தில்
பத்து மைக்ரோ லிட்டர் ரத்தத்துக்கு
மூச்சைப் பிடித்து நிற்கிறவள்
ஏழாம் நாள் கண்ணில் வாகைத்தூளோடு
குத்துமதிப்பில் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

புதியதில் எல்லாம் நின்றபடியே.
தட்டில் சின்னத் துளை, அதற்கொரு கைப்பிடி,
ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லி.
வேலி அலுமினியம், அதில் பதித்த ஸ்கேல்,
பின்னால் தூள் உறிஞ்சும் குழாய்,
முழங்காலால் தட்டினால் அணைகிற சிவப்பு சுவிட்சு.
மூலைமட்டத்தை வேலியோடு சேர்த்து
ஜன்னலுக்கு எதிரே குனிந்து பார்த்தேன்.
வெளிச்சம் நுழைய இடமில்லை.
முதல் இரண்டு ஞாயிறு, பழக்கதோஷத்தில்,
மேசைக்கு அடியில் படுத்துவிட்டு
எதற்குப் படுத்தோம் என்று யோசித்து எழுந்தேன்.

பள்ளத்தூரில் தங்கச்சி உலகம்மை தையல்கடைக்கு
ஆறு இழுப்பறை வைத்த பெட்டி.
நான்கு, பழைய மேசையில் செய்து கொடுத்தாயிற்று:
ஊக்கு, கொக்கி, பட்டன், பாபின்.
மிச்சம் இரண்டைப் புதியதில் குடைந்தேன்.
புறாவால் காடிக்குள்
ஒரு உள்ளங்கைத் தட்டில் இறங்கியது,
சுத்தியல் கேட்கவில்லை.

கடையில் செருகிவிட்டுப்
பின்வாங்கிப் பார்த்தேன்.
மேலே நான்கு முகப்பும்
சாப்பிட்டுச் சாய்வு நாற்காலிக்கு வந்தவர்கள் போல
ஒரு துளி மல்லாந்திருந்தன.
கீழே இரண்டும் இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பு.

உலகம்மை நூல் கோத்தபடியே சொன்னாள்,
"கீழ ரெண்டும் கோணலா இருக்குக்கா."

மூலைமட்டத்தை எடுத்துக் காட்டினேன்.
கோணல் மேலேதான், பழைய வேலி சாய்ந்திருந்திருக்கிறது,
அப்படியானால் சாவிப்பெட்டி, செருப்பலமாரி,
மெய்யம்மைக்குச் செய்த கண்ணாடிச் சட்டம்...
அவள் மிதியை நிறுத்தவில்லை.
"ஜாக்கெட் தைக்கக் குடுக்கயில
இஞ்சு டேப்பா கொண்டாறே?
அளவு ஜாக்கெட்தானே?"

பட்டன்களைப் பேப்பரில் கொட்டிவிட்டு
மேல் இழுப்பறையை மடியில் வைத்து
டவுன்பஸ்சில் திரும்பினேன்.
கண்டக்டர் லக்கேஜ் போடலாமா என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வேலிக்கும் அதன் பலகைக்கும் நடுவே
முடிந்துபோன சீட்டு அட்டையை மடித்துச் செருகினேன்.
இரண்டு மடிப்பு போதவில்லை.
மூன்று அதிகம்.
இரண்டோடு அந்த பஸ் டிக்கெட்.
மூலைமட்டத்துக்கும் வேலிக்கும் நடுவே
இப்போது ஒரு கீற்று வெளிச்சம்,
பழைய இழுப்பறையில் இருக்கும் அதே அகலத்தில்.
கைப்பிடியைச் சுற்றினேன்.
அச்சுப்பிசகாமல் கோணலாய்க் குடைந்து தந்தது.

கடையில் ஆறும் சாய்ந்திருக்கின்றன,
யாருக்கும் தெரிவதில்லை.
நேரான இரண்டும் என்னிடம்.
ஒன்றில் பிட்டுகள்.
மற்றதைச் சுவரில் மாட்டி, என்னைக் கேட்காமல்,
வயிரவன் அவருடைய ரவுட்டரை வைத்திருக்கிறார்,
நாலு பச்சை விளக்கோடு.
சிக்னல் நல்லா வருதாம்.