சோழிக் கணக்கு

காரங்காடு நடுநிலைப்பள்ளி, ஏழாம் வகுப்பு.
பிற்பகல் இரண்டு பத்து.
வெப்பமானி முப்பத்தெட்டு என்றது.
கரியமிலவாயு மீட்டர்
இரண்டாயிரத்து நானூறைத் தாண்டிக் கூவத் தொடங்கியதும்
பிள்ளைகள் சிரித்தார்கள்:
"அதுக்கும் மூச்சு முட்டுது."

பெஞ்சுக்கு ஒரு கட்டமாகக்
காற்றின் வேகத்தைத் தாளில் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
ரெக்ஸலின் எட்டிப் பார்த்தாள்.
மூன்றாம் வரிசையில் விரல் வைத்தாள்.
"இது தப்புக்கா.
இந்த எடம் பன்னெண்டு சோழி.
கடைசி பெஞ்சுக்குப் போட்ட நம்பரையே
இதுக்கும் போட்ருக்கீங்க."

அந்த வகுப்பில்
இடங்கள் விற்பனைக்கு உண்டு.
கச்சான் வீசும் மாதங்களில் ஒரு விலை,
வாடைக்கு வேறு.
மேற்கு ஜன்னலோரம்
மணலை வாரிக் கண்ணில் கொட்டும், இரண்டு சோழி.
வடக்கு மூலை கார்த்திகையில் ஏறும்,
ஒழுகத் தொடங்கிய அன்றே சரியும்.
கூரைக்கம்பி துருவேறிப்
பூச்சைப் பிளந்து எட்டிப்பார்க்கும் இடத்துக்கு
விலையே கிடையாது.
புதிதாய்ச் சேர்ந்தவர்கள் அங்கே உட்கார்வார்கள்.

இந்தக் கட்டடத்தின் வரைபடம்
கடலைப் பார்த்ததில்லை.
ஏதோ ஒரு மேசையில் பிறந்து
மலையிலும் சமவெளியிலும்
இதே முகத்தோடு நிற்கிறது.
அதே ஜன்னல், அதே ஒன்றரையடி சன்ஷேடு,
நண்பகலிலும் எரியும் அதே டியூப்லைட்.
வடக்கைக் காட்டும் அம்புக்குறியை மட்டும்
ஊருக்கு ஊர்
திருப்பி ஒட்டியிருக்கிறார்கள்.

தப்பு எங்கே என்று
கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.
கருவியை
என் உயரத்தில் பிடித்திருந்தேன்.
உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் கழுத்துக்கு
அதை இறக்கியபோது
மூன்றாம் வரிசையில்
எண் நகர்ந்தது.
உடைந்த ஜன்னல் பலகைக்குக் கீழே
யாரும் வடிவமைக்காத ஒரு சந்து.
அலையாத்திக் காட்டைத் தாண்டி வந்த காற்று
அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

ராமநாதபுரத்தில் கூட்டம்.
நான்கு கடலோர மாவட்டங்கள், ஒரே தரவிதி.
அறையில் ஏசி பதினெட்டு.
நாகப்பட்டினத்துச் செய்யது இபுறாகீம் புயலைப் பேசினார்:
ஜன்னல் சிறிதாக வேண்டும்.
தூத்துக்குடி பர்னபாஸ்
உப்பளத்தருகே இரும்பு இரண்டே வருடம் என்றார்.
புதுக்கோட்டை மெய்யம்மை செலவுக்கணக்கை எடுத்து
எல்லோரையும் அடக்கினார்.
ஜன்னல் விளிம்பு மூன்றடியா இரண்டடியா என்று
ஒன்றரை மணி நேரம்.
தேநீர் ஆறிப்போனது.

கடைசியில் எழுதினோம்.
நீள்சுவர் வடக்கும் தெற்கும் பார்க்க.
திறப்புகள் எதிரெதிரே.
மேற்கில் கனத்த சுவர், ஜன்னல் வேண்டாம்.
கூரைக்கு வெள்ளை ஓடு.
கம்பிக்கு மேல் கான்கிரீட் நாற்பத்தைந்து மில்லிமீட்டர்,
கடல் மணல் ஒரு சட்டிகூடக் கலக்கலாகாது.
விளிம்பு இரண்டடி,
உட்காரும் குழந்தையின் கழுத்தளவு.
புயல் கதவு தனியே, வெளியே.

இரண்டடிக்கு ஆதாரம் கேட்டார்கள்.
"கள ஆய்வு" என்று குறித்தேன்.
சோழி என்று எழுதக்
கை வந்தது, எழுதவில்லை.

அடுத்த ஆனியில்
புதுக் கட்டடத்தில் எட்டாம் வகுப்பு.
விளக்கு எரியவில்லை, தேவைப்படவில்லை.
மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது,
அதுவும் மறந்துபோய்.
மீட்டர் அறுநூற்றைம்பதில் சும்மா கிடந்தது.

ரெக்ஸலின் முகம் கொடுக்கவில்லை.
"யாவாரம் போச்சுக்கா.
எங்க ஒக்காந்தாலும் ஒண்ணுதான்,
எவளும் வாங்க மாட்டேங்குறா."
பையில்
நூற்று நாற்பது சோழி தேங்கிக் கிடந்தது.

பேனாவை மூடி எழுந்தேன்.
வாசல்வரை வந்தவள்
முற்றத்துக்கு எதிரே கையைக் காட்டினாள்.
நிதி அவ்வளவுதான் என்று
ஆறாம் வகுப்பை இன்னும்
பழைய கட்டடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.

"அங்க மூணாவது வரிசை
இப்ப பதினஞ்சு" என்றாள்.