இல்லை என்றார்கள் இருவரும்

கிர்க்வால் நீதிமன்றத்தில் அன்று வெப்பமூட்டி ஓடவில்லை.
கோட்டைக் கழற்றாமலே சாட்சி சொன்னேன்:
நாற்பத்தொரு மூட்டை உருளைக்கிழங்கு.
கொடுத்தது நான். காசு வரவில்லை.

ஸ்ட்ரோம்னஸ் துறையில்
கப்பல் வரும் நேரம் பார்த்து நிற்கும்
பொரித்த மீன் வண்டி.
வண்டி தோரா ஃப்ளெட் பெயரில்.
மாவு கரைப்பவள் இங்கிரித் இஸ்பிஸ்டர்.

"நான் கூட்டாளி இல்லை" என்றாள் இங்கிரித்.
வீட்டுக் கடன் இருக்கிறது, பாவம்.
"இல்லவே இல்லை" என்றாள் தோரா,
மொத்தமும் தன் தலையிலேயே விடியட்டும் என்று.
பொய் பழகாதவர்கள்தான்
அவ்வளவு அழுத்திச் சொல்வார்கள்.

பத்திரம் உண்டா?
இல்லை.
பலகையில் பெயர்?
ஒரு ஹாடக் மீன் படம், அதுவும் கோணல்.

லாபத்தைப் பாதியாய்ப் பிரித்தார்களே
என்றார் என் வக்கீல்.
அது தடயம், தீர்ப்பல்ல என்றார் நீதிபதி.
லாபத்திலிருந்து கூலியும் கொடுக்கலாம்,
கடனும் அடைக்கலாம்.
ஒரு வயலுக்கு இருவர் உடைமைக்காரர் என்பதாலேயே
அவர்கள் கூட்டு வணிகர் ஆகிவிடுவதில்லை.
என் அண்ணனை நினைத்துக்கொண்டேன்.
ஒரே வயல்.
பேச்சு நின்று ஒன்பது வருடம்.

அப்புறம் அந்த நோட்டு வந்தது.
எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகிப்போன
பள்ளிக்கூட நோட்டு.
பிப்ரவரி, மூன்றாம் வாரம்:
"புயல். கப்பல் இல்லை. விற்பனை இல்லை.
எரிவாயு இங்கிரித் வாங்கியது.
நட்டம் ஆளுக்கு நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"வேலைக்காரி எங்கேயாவது
புயலுக்குப் பணம் கட்டுவாளா, அம்மா?"

இங்கிரித் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கையெழுத்து அவளுடையது.

நீங்கள் வைத்த பெயரைச் சட்டம் கேட்பதில்லை;
நீங்கள் நடந்துகொண்டதைத்தான் கேட்கிறது
என்று ஆரம்பித்துப் பதினொரு பக்கம் வாசித்தார்.
கடன் இருவருக்கும்.
ஒருத்தி தராவிட்டால் மற்றவள் முழுதாய்.

வென்றுவிட்டேன்.
படியிறங்கும்போது காதில் விழுந்தது:
"அந்த நூற்றுப் பன்னிரண்டை ஏண்டி எழுதினாய்?"
"கணக்கு நேராக வேண்டாமா?"

முதல் தவணை சனிக்கிழமை வந்தது,
முழுக்கச் சில்லறை, வினிகர் வாடை.
ரசீது யார் பெயருக்கு என்றேன்.
தோரா கரண்டியைக் கீழே வைக்காமல்
இங்கிரித் பெயரை முதலில் சொன்னாள்,
பிறகு கொஞ்சம் யோசித்து
தன் பெயரையும்.

குளிரில் பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.
எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.